பழத்தை மட்டும் பார்த்தால் போதாது, மண்ணையும் பார்க்கணும்



“அண்ணா, வரப்புல தானா மொளச்ச செடி. குட்டிக் குட்டியா கறுப்புப் பழம். தின்னலாமா?” இப்படிக் கேட்டு வாரத்துக்கு இரண்டு படமாவது என் போனுக்கு வருகிறது. புதிதாக இயற்கை விவசாயத்துக்கு வந்தவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். களைக்கொல்லியை நிறுத்தி இரண்டு மழை பார்த்ததும் வரப்பும் வேலியும் உயிர் பெற்றுவிடும். காரை, சூரை, கோவை, மணத்தக்காளி, சொடக்குத் தக்காளி என்று பறவை போட்ட விதையெல்லாம் முளைக்கும். மனசுக்கு நிறைவான காட்சிதான். ஆனால் அதே வேலியில் குன்றிமணியும் கொடி ஏறும், காட்டாமணக்கும் நிற்கும். எதைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரியாமல் கையை நீட்டுவது ஆபத்து.

நான் இருப்பது ராயபுரம். 1856-ல் திறந்த ரயில் நிலையம் ஒரு பக்கம், காசிமேடு மீன்பிடித் துறைமுகம் ஒரு பக்கம். நடுவில் மாடித் தோட்டம் வைத்திருக்கிறேன். பொன்னேரி பக்கம் ஒன்றரை ஏக்கர் நிலமும் இருக்கிறது. ‘கண்டெய்னர் லாரிக்கு நடுவுல இருக்கிறவன் காட்டுப் பழத்தைப் பத்தி எழுதுறானா?’ என்று சிலர் சிரிக்கலாம். வடசென்னையில் இருப்பதால்தான் எழுதுகிறேன். கிராமத்தில் இருப்பவர்கள் ‘இது என்ன செடி?’ என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடலாம். இங்கே அது போதவில்லை. ‘இது எந்த மண்ணில் நிற்கிறது?’ என்ற இரண்டாவது கேள்வியையும் கேட்டாக வேண்டியிருக்கிறது. இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால்தான் பழத்தை வாயில் வைக்கலாம். முதல் கேள்வியை முதலில் பார்ப்போம்.

நம்பக் கூடாத ஐந்து கணக்குகள்

ஊருக்கு ஊர் சில குறுக்குவழிகள் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஒன்றையும் நம்பி உயிரை வைக்க முடியாது.

முதலாவது, ‘பறவை தின்னா நாமும் தின்னலாம்’ என்பது. மஞ்சள் அரளிப் பழத்தைக் குயில் தின்னும். அதே பழமும் கொட்டையும் மனிதனின் இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். பறவையின் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு. பல பறவைகள் சதையை மட்டும் செரித்துக்கொண்டு கொட்டையை உடைக்காமல் வெளியே தள்ளிவிடும். நாமோ கடித்து மென்று தின்கிறோம்.

இரண்டாவது, ‘இனிச்சா நல்லது, கசந்தா விஷம்’ என்பது. பாகற்காய் கசக்கிறது, வாரத்துக்கு இருமுறை சமைக்கிறோம். காட்டாமணக்குக் கொட்டை கசப்பதில்லை, வேர்க்கடலை மாதிரி ருசிக்கிறது. அதனால்தான் பள்ளிப் பிள்ளைகள் அதைத் தின்றுவிட்டு வாந்தி, வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரியில் சேரும் செய்தி தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வருகிறது. இந்தச் செடி விஷயத்தில் நமக்கும் பொறுப்பு உண்டு. 2003-ல் மத்திய திட்டக் குழு பயோடீசலுக்குக் காட்டாமணக்கு நடலாம் என்று பரிந்துரைத்தது. அந்த அலையில் நம் ஊர்களிலும் நட்டார்கள். எண்ணெய்க் கனவு ஓய்ந்துவிட்டது, செடி மட்டும் வரப்பில் நிற்கிறது. பள்ளிக்கூடம், அங்கன்வாடி பக்கத்தில் நின்றால் வேரோடு எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, ‘ஒடிச்சா பால் வந்தா விஷம்’ என்பது. களாச் செடியை ஒடித்தால் பால் வரும். களாக்காயை ஊறுகாய் போடுகிறோம், பழத்தை அப்படியே தின்கிறோம். அரளியை ஒடித்தாலும் பால் வரும். களாவும் அரளியும் ஒரே தாவரக் குடும்பம். ஒன்று சாப்பாடு, ஒன்று நஞ்சு. குடும்பப் பெயரை வைத்து ஆளை எடை போட முடியாது என்பது செடிக்கும் பொருந்தும்.

நான்காவது, நிறக் கணக்கு. ‘செவப்பு ஆபத்து, கறுப்பு பரவாயில்ல’ என்பார்கள். கோவைப் பழம் சிவப்பு, தின்னலாம். குன்றிமணியும் சிவப்பு. மணத்தக்காளி கறுப்பு. ஐரோப்பாவில் ஆளைக் கொல்லும் பெல்லடோனாப் பழமும் கறுப்பு. நிறம் பழுத்ததா இல்லையா என்பதைச் சொல்லும். செடி யார் என்று சொல்லாது.

ஐந்தாவது, ‘வேக வெச்சா எல்லாம் போயிடும்’ என்பது. சில நஞ்சுகள் சூட்டில் சிதையும், பல சிதையாது. முளைவிட்டுப் பச்சையேறிய உருளைக்கிழங்கில் சோலனின் என்ற நஞ்சு உண்டு. அதைக் கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போவதில்லை. பச்சை மணத்தக்காளிக் காயில் இருப்பதும் அந்த வகை நஞ்சுதான்.

‘நாக்கு நுனியில கொஞ்சம் வெச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும்’ என்று இன்னொன்று சொல்வார்கள். குன்றிமணியை முழுதாக விழுங்கினால் அதன் கெட்டித் தோல் உடையாமல் வெளியேறிவிடக்கூடும். கடித்து உடைத்தால் கதை மாறிவிடும். ருசி பார்த்துக் கற்றுக்கொள்ளும் படிப்பு இது இல்லை.

செடியை முழுசாகப் பாருங்கள்

பழத்தை மட்டும் கிள்ளி எடுத்துப் படம் பிடித்து அனுப்பினால் என்னாலும் சொல்ல முடியாது, எந்தத் தாவரவியல் பேராசிரியராலும் சொல்ல முடியாது. செடியில் ஏழு இடம் பார்க்க வேண்டும். இலை எதிரெதிரா, மாற்றி மாற்றியா? இலை வழவழப்பா, சொரசொரப்பா? முள் உண்டா, அது நேரா வளைவா, ஒற்றையா இரட்டையா? பூ என்ன நிறம், எத்தனை இதழ்? பழம் ஒற்றையாகத் தொங்குகிறதா, கொத்தாகவா? பழத்தின் அடியில் இருக்கும் புல்லி எப்படி இருக்கிறது? நறுக்கினால் உள்ளே எத்தனை விதை?

என் வழக்கம் ஒன்று உண்டு. ஒரு செடியைப் பூவிலும் பார்க்க வேண்டும், காயிலும் பார்க்க வேண்டும், பழத்திலும் பார்க்க வேண்டும். மூன்றும் பார்க்காத செடியின் பழத்தை நான் தின்பதில்லை. அதற்கு ஒரு பருவம் போகும். போகட்டும். நிலம் எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை.

இப்போது போனில் படம் பிடித்தால் பெயர் சொல்லும் செயலிகள் வந்துவிட்டன. பெயர் தேடத் தொடங்குவதற்கு அவை உதவும். தின்பதற்கு அனுமதி அவை கொடுக்க முடியாது. எங்கள் மாடித் தோட்டக் குழுவில் ஒரு தங்கை மணத்தக்காளியைப் படம் பிடித்தார். செயலி ‘பிளாக் நைட்ஷேட்’ என்றது. பக்கத்திலேயே விஷக் குறியும் போட்டது. பயந்துபோய்ச் செடியைப் பிடுங்கப் போனார். மேல்நாட்டுப் புத்தகங்கள் மணத்தக்காளி இனத்தையும் பெல்லடோனாவையும் ஒரே ‘நைட்ஷேட்’ பெயரில் கூப்பிடுவதால் வந்த குழப்பம் அது. பெல்லடோனா நம் சமவெளியில் வளரும் செடி இல்லை. அதன் பழம் ஒற்றையாக, அகன்ற நட்சத்திரம் போன்ற புல்லியின் மேல் உட்கார்ந்திருக்கும். மணத்தக்காளிக்குக் குட்டி வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள், பழம் சின்னக் கொத்தாகத் தொங்கும், முள் இருக்காது.

குழப்பும் ஜோடிகள்

நம் வேலியில் ஆளை ஏமாற்றும் ஜோடிகள் சில உண்டு. இவற்றை மனசில் பதித்துக்கொண்டால் பாதி ஆபத்து குறையும்.

கோவையும் ஐவிரலியும்: இரண்டும் கொடி, இரண்டுக்கும் சிவப்புப் பழம். கோவைக்குப் பூ பெரியது, தூய வெள்ளை. பழம் நீள உருண்டை, பழுத்தால் முழுச் சிவப்பு. ஐவிரலியின் இலை விரல் விரித்த கை மாதிரி ஆழமாகப் பிளந்திருக்கும். பழம் கோலிக்குண்டு மாதிரி உருண்டை. காயிலும் பழத்திலும் வெள்ளை வரி ஓடும். சிவலிங்கக்காய் என்றும் சொல்வார்கள். வரி போட்ட பழத்தைத் தொடாதீர்கள்.

சொடக்குத் தக்காளியும் அமுக்கிராவும்: இரண்டு பழமும் காகிதப் பை மாதிரி உறைக்குள் இருக்கும். சொடக்குத் தக்காளியின் உறை பெரிய கூண்டு போல ஒவ்வொன்றாகத் தொங்கும். நெற்றியில் அடித்தால் ‘டொப்’ என்று சொடக்கும். உறை காய்ந்து வைக்கோல் நிறம் வந்த பிறகு உள்ளே மஞ்சளாகப் பழுத்திருக்கும். அமுக்கிராவின் இலை சாம்பல் பூத்த மாதிரி மயிரோடு இருக்கும். உறைகள் இலைக்கக்கத்தில் கும்பலாக ஒட்டியிருக்கும், பழம் ஆரஞ்சுச் சிவப்பு. அமுக்கிரா வேர் மருந்து. அதற்காக அதன் பழம் தின்பண்டம் ஆகிவிடாது.

களாவும் அரளியும்: பால் இரண்டிலும் வரும் என்று சொன்னேன். களாவுக்குக் கெட்டியான முள் உண்டு, அரளிக்கும் மஞ்சள் அரளிக்கும் முள் கிடையாது.

எட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். காட்டோரம் நிலம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஆரஞ்சுப் பழம் மாதிரி உருண்டு திரண்டு அழகாகப் பழுத்து நிற்கும். ‘எட்டி பழுத்தென்ன’ என்று பழமொழியே இருக்கிறது. அதன் கொட்டையில்தான் ஸ்ட்ரிக்னின். புதிதாக நிலம் வாங்கிப் போகிற நகரத்துப் பிள்ளைகளுக்கு இந்த மரத்தை முதலில் காட்டிக் கொடுங்கள்.

காய் வேறு, பழம் வேறு

செடி சரியாக இருந்தாலும் பருவம் தப்பினால் வயிறு கெடும். பச்சை மணத்தக்காளிக் காய் பற்றிச் சொல்லிவிட்டேன். சிறுபூனைக்காலிப் பழத்தை ரயில்வே வேலியோரம், கடற்கரை மணல்மேட்டோரம் பார்த்திருப்பீர்கள். பாசி போன்ற வலைக்குள் மஞ்சளாக இருக்கும். பழுத்தால் தின்னலாம், பச்சைக் காயில் சயனைடு தரும் பொருள்கள் உண்டு. உண்ணிச்செடிப் பழத்தைக் கன்னங்கரேல் என்று பழுத்தபின் பிள்ளைகள் தின்பது உண்டு. அதன் பச்சைக் காய் ஆகாது. இலை மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஈரலைக் கெடுக்கும். எனக்கு அதில் இஷ்டமில்லை, பிள்ளைகளைத் தின்னவும் சொல்வதில்லை. வேலியில் பழத்துக்கா பஞ்சம்?

‘பச்சைக் காயத்தான வத்தல் போடுறோம்?’ என்று கேட்பீர்கள். மோரில் உப்பிட்டு ஊற வைத்து, காயவைத்து, எண்ணெயில் பொரித்து, குழம்புக்கு ஒரு சிறு கைப்பிடி போடுவது நம் சமையல் வழக்கம். செடியிலிருந்து பச்சையாக உருவி வாய் நிறையப் போட்டுக்கொள்வது வேறு.

தின்றவரைக் கேளுங்கள்

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, பழவேற்காடு பக்கம் இருளர் குடும்பங்கள் பல இருக்கின்றன. எங்கள் நிலத்துக்குக் களை எடுக்க வரும் ஒரு பாட்டியோடு வரப்பில் நடப்பது எனக்குப் பாடம் படிப்பது மாதிரி. சங்கஞ்செடியின் வெள்ளைப் பழத்தைக் காட்டி “இது தின்னலாம் கண்ணு, நாங்க சின்னதுல தின்னதுதான்” என்பார். ஒருமுறை ஓர் ஓடையோரத்துச் செடியைக் காட்டி “இது தெரியுமா பாட்டி?” என்றேன். சிறிது நேரம் பார்த்தார். “எங்க பக்கத்துல இது இல்ல. எனக்குத் தெரியாதுப்பா, வுட்டுடு” என்று நடந்துவிட்டார்.

தெரிந்தவர் அப்படித்தான் சொல்வார். எல்லாப் பழத்துக்கும் ஒரு பெயரும் ஒரு வைத்தியமும் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அந்த மண்ணிலேயே வளர்ந்து, அந்தப் பழத்தைத் தின்று வளர்ந்தவர் கைகாட்டுவது நூறு படத்துக்குச் சமம். அவரிடமிருந்து கற்றுக்கொண்டால் கூலி தவிர அதற்கும் ஒரு மரியாதை செய்யுங்கள். அவர் பெயர் சொல்லி, அவர் சொன்ன பெயரையே செடிக்குச் சொல்லுங்கள். புதிய பழத்தை முதல்முறை தின்னும்போதும் ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள். ஒவ்வாமை யாருக்கு வரும் என்று சொல்ல முடியாது.

யாராவது தெரியாமல் தின்றுவிட்டால்

வாயில் மிச்சம் இருப்பதைத் துப்ப வைத்து, வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பால், நெய், மோர் என்று கைவைத்தியம் பார்த்து நேரம் கடத்தாதீர்கள். எத்தனை மணிக்கு, எத்தனை பழம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் செடியின் இலையும் பழமும் சேர்ந்த ஒரு கிளையை ஒடித்துக் கையோடு எடுத்துப் போங்கள். மருத்துவருக்கு அதுதான் பெரிய உதவி. 108-க்கு அழையுங்கள், அல்லது நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ‘பிள்ளை நல்லாத்தான விளையாடுது’ என்று இருந்துவிடக் கூடாது. குன்றிமணி போன்றவற்றின் நஞ்சு மணிக்கணக்கில், சில சமயம் நாள் கணக்கில் தாமதித்தும் வேலை காட்டும்.

இரண்டாவது கேள்வி: எந்த மண்?

இதுவரை சொன்னது செடியைப் பற்றி. இனி எங்கள் ஊருக்கு வருகிறேன்.

ராயபுரத்து மாடிகளில் ஒரு காலத்தில் துணி காயப்போட்டால் கறுப்புப் பொடி படியும். துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் திறந்த வெளியில் இறங்கிய காலம் அது. மக்கள் போராடி, வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றம் 2011-ல் உத்தரவு போட்ட பிறகு நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. ராயபுரத்துக்கு நிம்மதி. எண்ணூருக்கு? அங்கே 1970 முதல் 2017 வரை ஓர் அனல்மின் நிலையம் ஓடியது. 1994 முதல் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் ஓடுகிறது. எரித்த நிலக்கரியின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்புகிறார்கள். குழாய் கசிந்து கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் சாம்பல் படிந்தது பற்றிப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு நடந்திருக்கிறது. மணலியை 2009-லேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மிகக் கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளில் சேர்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் சேர்ந்து எண்ணூர்க் கழிமுகத்தையும் கரையோரச் செடிகளையும் கறுப்பாக்கியது.

நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக், ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். இவை உலோகங்கள். மட்கிப் போகாது, மழையில் ஆவியாகாது. ஈயம் கலந்த பெட்ரோலை நாடு முழுக்க 2000-ல் நிறுத்திவிட்டோம். அதற்கு முன் பல பத்தாண்டு சாலையோர மண்ணில் விழுந்த ஈயம் எளிதில் போய்விடாது. பழைய வீட்டை இடித்த மண்ணிலும் பழைய பெயின்ட்டின் ஈயம் இருக்கலாம்.

இந்த மண்ணில் முதலில் முளைக்கும் செடிகளில் ஒன்று எது தெரியுமா? நம் மணத்தக்காளிதான். இடிபாட்டு மண், குப்பைமேடு, தண்டவாள ஓரம் எல்லாம் அதற்குப் பிடித்த இடம். அதோடு அதற்கு இன்னொரு குணமும் உண்டு. மணத்தக்காளி இனமான சொலானம் நைக்ரம் மண்ணிலிருக்கும் காட்மியத்தை மிக அதிகமாக உறிஞ்சித் தண்டிலும் இலையிலும் சேர்த்து வைக்கும் என்று சீன ஆய்வாளர்கள் 2000-களில் கண்டார்கள். கெட்டுப்போன மண்ணைச் சுத்தம் செய்ய அந்தச் செடியைப் பயன்படுத்தலாமா என்றே ஆராய்ந்தார்கள். மண்ணைச் சுத்தம் செய்ய நட்ட செடியை யாரும் கூட்டு வைத்துச் சாப்பிட மாட்டார்கள் அல்லவா? காட்மியம் உடம்பில் புகுந்தால் சிறுநீரகத்தில் போய் வருஷக்கணக்கில் தங்கிவிடும்.

பொதுவாக உலோகம் வேரிலும் இலையிலும் அதிகம் சேரும், பழத்தில் குறைவாகச் சேரும். எனவே பழத்தைவிடக் கீரையில்தான் எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். மேலே படிந்த தூசியைக் கழுவலாம். வேர் வழியாக உள்ளே ஏறியது கழுவினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது.

ஒரு கூடை மணத்தக்காளி

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பகுதியில் நாங்கள் சில பேர் சேர்ந்து இயற்கை விளைபொருள் சந்தை போடுகிறோம். போன வருஷம் எண்ணூர் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கூடை நிறைய மணத்தக்காளிக் கீரையும் பழமும் கொண்டுவந்தார். பளபளவென்று இருந்தது.

“உரம் போடல, மருந்து அடிக்கல சார். தானா மொளச்சது. உங்க சந்தைக்கு ஏத்த சரக்கு” என்றார்.

“எங்கம்மா பறிச்சீங்க?”

“சாம்ப மேட்டாண்ட. மழ பேஞ்சா அங்கதான் நல்லா வருது.”

எங்களுக்குள் வாக்குவாதம் வந்துவிட்டது. ஒரு நண்பர், “கஷ்டப்படுற அம்மா, ஒரு கூடைதானே, வையுங்க” என்றார். இன்னொருவர், “உரமும் மருந்தும் இல்லாததுதானே இயற்கை? வேற என்ன வேணும்?” என்றார். நான் வேண்டாம் என்றேன். அந்தக் கூடையில் காட்மியம் இருந்தது என்று நான் சொல்லவில்லை, சோதிக்காமல் யாரும் சொல்ல முடியாது. இல்லை என்று உறுதி சொல்லி இயற்கை என்ற பெயரில் விற்கவும் முடியாது. அரசின் தேசிய அங்கக உற்பத்தித் திட்டமும் இதைத்தான் சொல்கிறது. காட்டில் சேகரிக்கும் பொருளுக்குச் சான்று வேண்டுமானால், சேகரிக்கும் இடம் மாசு வரும் இடங்களிலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.

விஷயத்தை அந்த அம்மாவிடம் சொன்னேன். கோபப்படவில்லை. என் முகத்தைப் பார்த்து, “நாங்க அங்கதான சார் கீறோம். அந்தக் காத்ததான் மூச்சு வுடுறோம். எங்க புள்ளங்க இந்தக் கீரையத்தான் துன்னுது. உங்க சந்தைக்கு மட்டும் ஆவாதா?” என்றார்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் முழுப் பதில் இல்லை. வாங்குபவரைக் காப்பாற்றிவிட்டோம், பறிப்பவர் வீட்டுத் தட்டை என்ன செய்வது? அன்றைக்குக் கூடைக்கு உண்டான காசை எங்களுக்குள் போட்டுக் கொடுத்தோம். அது ஒரு நாள் காரியம். பிறகு பொன்னேரி பக்கம் நிலம் வைத்திருக்கும் எங்கள் உறுப்பினர்கள் மூன்று பேர், தங்கள் உள்வரப்பில் முளைக்கும் மணத்தக்காளி, கோவை, பொன்னாங்கண்ணியைப் பறித்துக்கொள்ள அவருக்கும் அவர் கூட வரும் இரண்டு பெண்களுக்கும் வழிவிட்டார்கள். நிலத்துக்காரருக்குப் பங்கு கிடையாது. பஸ் செலவும் நேரமும் கூடுதல் என்பதால் லாபம் அவர்களுக்கு முன்பைவிடக் கொஞ்சம் குறைவுதான். மறைக்கவில்லை. ஆனால் விற்பதையே வீட்டுக்கும் எடுத்துப் போகிறார்கள்.

சாம்பல் மேட்டை அகற்றுவதும் கழிமுகத்தைச் சுத்தம் செய்வதும் தனி மனிதர் வேலை இல்லை. அதற்காக மீனவர்களும் அந்தப் பகுதி மக்களும் பல வருஷமாகக் குரல் கொடுக்கிறார்கள். ‘நல்ல சாப்பாடு’ பேசும் நம் இயக்கம் அவர்கள் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். நல்ல மண் இல்லாமல் நல்ல சாப்பாடு ஏது?

நாம் செய்யக் கூடியது

முதலில், பறிக்கும் இடத்துக்கு ஒரு வரலாறு கேளுங்கள். இருபது வருஷம் முன்னால் இங்கே என்ன இருந்தது? பட்டறையா, தோல் தொழிற்சாலையா, செங்கல் சூளையா, குப்பைமேடா? ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். நெடுஞ்சாலை ஓரம், தண்டவாள ஓரம், சாக்கடைக் கரை, ஆலைச் சுவர் ஓரம் இவற்றில் பறிக்காதீர்கள். தண்டவாளத்தில் களைக்கொல்லி தெளிப்பதும் வழக்கம். பக்கத்து வயல்காரர் மருந்து அடிக்கும் பொதுவரப்பையும் விட்டுவிடுங்கள். உங்கள் உள்வரப்புதான் உங்களுக்குத் தெரிந்த மண்.

இரண்டாவது, மண் பரிசோதனை. மண்வள அட்டையில் வரும் 12 கணக்கில் தழை, மணி, சாம்பல் சத்தும், கந்தகமும், நுண்ணூட்டமும், கார அமில நிலையும், உப்பின் அளவும், அங்ககக் கரிமமும் இருக்கும். ஈயமும் காட்மியமும் அதில் கிடையாது. ‘அட்டை வாங்கிட்டேன், மண்ணு சுத்தம்’ என்று நினைக்காதீர்கள். தொழிற்பேட்டை பக்கம் நிலம் இருந்தால் ஈயம், காட்மியம், ஆர்செனிக், பாதரசம் என்று பெயர் சொல்லித் தனியாகச் சோதிக்கக் கேளுங்கள். செலவு கூடுதல்தான். நாலு பேர் பக்கத்துப் பக்கத்து நிலம் என்றால் சேர்ந்து செய்யலாம்.

மூன்றாவது, மாடித் தோட்டக்காரர்களுக்கு. இடிபாட்டு மண்ணைத் தொட்டியில் போடாதீர்கள். தெரிந்த வயலின் மண்ணும் நல்ல மட்கு உரமும் கலந்து வையுங்கள். மண்மேல் மூடாக்கு போட்டால் மழையில் மண் தெறித்து இலையில் ஒட்டாது. மட்கு சேர்ப்பதும் மண்ணின் புளிப்பைக் குறைப்பதும் உலோகம் செடியில் ஏறுவதைக் குறைக்கும். முழுதாக நிறுத்தாது.

நான்காவது, தேடி அலைவதைவிட நட்டு வளர்ப்பது நல்லது. களா நல்ல உயிர்வேலி. பழுத்த பழத்தின் விதையை எடுத்தவுடன் விதைக்க வேண்டும், வைத்திருந்தால் முளைப்பு குறைந்துவிடும். நாற்றை மழைக்காலத் தொடக்கத்தில் இரண்டு மூன்று அடிக்கு ஒன்றாக வேலியோரம் நடுங்கள். இரண்டு மூன்று வருஷத்தில் காய்க்கும். ஆடு மாடும் உள்ளே வராது. மூலைக்கு ஓர் இலந்தை, ஒரு நாவல். கோவைக்கு ஒரு பந்தல்கூட வேண்டாம், வேலியே போதும். மணத்தக்காளிக்குப் பழுத்த பழத்தைப் பிசைந்து விதை எடுத்து நாற்று விடுங்கள். எந்தச் செடி என்ற கேள்விக்கும் எந்த மண் என்ற கேள்விக்கும் நீங்களே பதில் வைத்திருப்பீர்கள்.

நட்ட பிறகு பிள்ளைகளை அழைத்து வரப்பில் நடங்கள். தின்னக் கூடியதைக் காட்டும்போதே தின்னக் கூடாததையும் காட்டிப் பெயர் சொல்லுங்கள். ‘தெரியாத பழத்தைப் பெரியவங்களக் கேக்காம வாயில வைக்கக் கூடாது’ என்பதை முதல் பாடமாகச் சொல்லுங்கள். வரும் மழைக்கு களா விதை வேண்டுவோர் எங்கள் ஞாயிறு சந்தையில் கேளுங்கள், இருக்கும் வரை தருகிறோம். உங்கள் ஊர் வேலியில் நீங்கள் தின்று வளர்ந்த பழத்தின் பெயரையும், அதை உங்களுக்குக் காட்டியவர் யார் என்பதையும் இதழுக்கு எழுதி அனுப்புங்கள்.